பாஞ்சாலி உடுத்திய பொன்னாடைகள்

கஸ்தூரியைப் பற்றிக் கேட்டால் ஊரில் எல்லோரும் "கலைகளை வாழவைத்த தாய்" என்பார்கள். போஸ்டரிலும் அப்படித்தான் போடுகிறார்கள். நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. எனக்குத் தெரிந்தவரை அவள் புருஷனுக்குத் தெரியாமல் பீரோவைத் திறந்தாள். மற்றதெல்லாம் அதற்கப்புறம் தானாக வந்து சேர்ந்தது.

எண்பத்தொன்பதில், திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம், செங்கம் ரோட்டில் என் வீட்டை ஒட்டிய மனையில் வீடு கட்டிக் குடிவந்தார்கள். புருஷன் தசரதன் பெரிய நாயன வித்வான். ரேடியோவில் வாசிப்பார், கேசட் வந்திருக்கிறது, மலேசியா, சிங்கப்பூர் என்று போய்வருவார். இரண்டு பேருக்கும் கும்பகோணம் பக்கம். நான் என் வீட்டுக்காரர் போன பிறகு மாடியில் அறை கட்டி, ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாததுமாக அவர் சாதகத்தை ஆரம்பித்தால் என் மாடிக்காரர்கள் கண்ணை மூடிச் சம்மணம் போட்டுவிடுவார்கள். எனக்கு மண்டை இடிக்கும். நாயனம் கல்யாண வீட்டுக்குச் சரி. அங்கே பந்தி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம்.

மனுஷர் தங்கமானவர்தான். குடியில்லை, வேறு வாசலும் இல்லை. பெருமைப் பைத்தியம் ஒன்று மட்டும் உண்டு. போன இடத்திலெல்லாம் போர்த்திவிட்ட பொன்னாடைகளை ஒன்றுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவருவார். அதற்கென்றே ஒரு இரும்பு பீரோ. பச்சை, அரக்கு, மஞ்சள், ஊதா என்று மடித்து மடித்து, கதவைத் திறந்தால் ஜவுளிக்கடை மாதிரி இருக்கும். சிலதில் சபா பெயரைச் சரிகையிலேயே நெய்திருப்பார்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து உதறி, அந்துருண்டை மாற்றி, மறுபடி மடித்து வைப்பது கஸ்தூரியின் வேலை. சாவியும் அவள் இடுப்பில்தான். ஆனால் ஒன்றைக்கூட யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவளும் போர்த்திக்கொள்ளக் கூடாது.

ஒரு மார்கழியில் என் மாடியிலிருந்த ஜெர்மன்காரி குளிர்காய்ச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கஸ்தூரி கஞ்சி கொண்டுவந்தவள், பார்த்துவிட்டு ஓடிப்போய் ஒரு அரக்குப் பொன்னாடையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டாள். சாயங்காலம் தசரதன் மாடி ஏறி வந்தார்.

"இது என்னது? இது எந்த மேடையில போட்டதுன்னு தெரியுமா உனக்கு?" என்று பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டே, காய்ச்சல்காரி மேலிருந்து அதை உருவினார்.

"ஐயா, அவளுக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது," என்றேன்.

"கம்பளி வாங்கித் தர்றேன், பச்சையம்மா. இது கம்பளி இல்ல, கவுரவம்."

சொன்னபடி கம்பளியும் வாங்கிக் கொடுத்தார். அதனால்தான் அந்த மனுஷரைத் திட்டவும் முடியாது.

கஸ்தூரிக்குப் பிள்ளைகுட்டி இல்லை. பக்கமேளக்காரர்களுக்கு வடித்துக் கொட்டுவதும், அவருக்குப் பனங்கற்கண்டு போட்டுப் பால் காய்ச்சுவதும், நாயனத்துக்கு வைக்கிற சீவாளியைக் காயவைப்பதுமாக அவள் பொழுது போயிற்று. அவர் வெளியூர் போனால் என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்காருவாள். அப்படி ஒரு சித்திரையில், அவர் பயணம் போயிருந்தபோது, அடி அண்ணாமலைக்குப் பாரதக் கூத்து பார்க்க அழைத்துப் போனேன். கிரிவலப் பாதையிலிருக்கிற கிராமம்தான், மலைக்கு அந்தப் பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் வருஷா வருஷம் நடக்கும்.

கஸ்தூரி அதுவரை தெருக்கூத்து பார்த்ததே இல்லை. முதலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பாஞ்சாலி சபைக்கு வந்து, "என்னை வைத்து ஆட நீங்கள் யார்?" என்று அத்தனை ஆண்களையும் நிற்கவைத்துக் கேட்டாளே, அப்போது முந்தானை கீழே விழுந்தது. அதற்கப்புறம் அவள் எழுந்திருக்கவேயில்லை. பாஞ்சாலி வேஷம் கட்டியவன் பெயர் அர்ஜுனன். கூத்துக் கோஷ்டிக்கு, ஜமா என்போம், அவன்தான் வாத்தியார். பெயருக்கு ஏற்ற வேஷம் கட்டாமல் அந்த வேஷத்துக்குப் பெண்டாட்டியாக ஆடிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் துகிலுரியும்போது ஒரு கூத்து நடந்தது. ஊர்ப் பெண்கள் நேர்ந்துகொண்டு கொடுக்கிற புடவைகளை முனையோடு முனை முடிந்து பாஞ்சாலிக்குச் சுற்றியிருப்பார்கள். துச்சாதனன் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். அந்தத் தடவை புடவை கம்மி. கண்ணனைக் கூப்பிடுகிற பாட்டு பாதியில் இருக்கிறது, துணி தீர்ந்துபோயிற்று. துச்சாதனன் கடைசி முழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இழுக்கிற மாதிரி அங்கேயே நின்று ஆடினான். பிள்ளைகள் சிரித்தார்கள். கிழவிகள், "அம்மனுக்கே துணி பத்தலையா, ஊருக்கு ஆகாது," என்று முணுமுணுத்தார்கள்.

அடுத்த வருஷம், தொண்ணூற்றாறு, திருவிழாவுக்கு முன்னால் அர்ஜுனன் வித்வான் வீட்டுக்கு வந்தான். பெரிய மனுஷர், ஒரு வார்த்தை சொன்னால் டவுன் ஜவுளிக்கடைக்காரர்கள் துணி கொடுப்பார்கள் என்று நம்பிக்கை. தசரதன் வாசலிலேயே மடக்கினார்.

"நான் கீர்த்தனை வாசிக்கிறவன்யா. கூத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதே."

"வாசிக்கக் கூப்புடலீங்க ஐயா. ஒரு வார்த்தைதான்."

"அதுவும் இல்ல."

அவன் கொல்லைப்புறமாகப் போகும்போது கஸ்தூரி டீ கொடுத்தாள். என்ன பேசினார்களோ. நாலு நாளில் தசரதன் மலேசியாவுக்கு விமானம் ஏறினார். திருவிழா முடிந்துதான் வருவார். வந்த வாரத்தில் அவருக்கு அறுபதாம் கல்யாணம், வேங்கிக்காலில் மண்டபம் பிடித்துப் பாராட்டு விழாவோடு. மண்டபத்துச் சுவர் நெடுக அத்தனை பொன்னாடைகளையும் தொங்கவிட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. "இஸ்திரி போட்டு வை," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

துகிலுரிகிற கூத்தன்று சாயங்காலம் கஸ்தூரி ஒரு பெரிய மூட்டையை ஆட்டோவில் ஏற்றினாள். பிரித்துப் பார்த்தேன். பீரோவே உள்ளே இருந்தது.

"ஏன்டி, பைத்தியமா உனக்கு?"

"அம்மனுக்குக்கா. துணி பத்தாம போகக் கூடாது."

பெரிய மனசுதான் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மூட்டையை வேஷம் கட்டுகிற கொட்டகையில் அர்ஜுனனிடம் சேர்த்தாயிற்று. திரும்பி வந்து சாக்கு விரித்து உட்கார்ந்தோம். நடுராத்திரி வாக்கில் கேட்டேன்.

"புருஷன் வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

"அவருக்கு எப்படித் தெரியும்? காலையில மடிச்சு எடுத்துட்டுப் போய் உள்ள வெச்சுடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் இரவல் கொடுத்திருக்கிறாள்! கும்பகோணத்துக்காரிக்கு எங்கள் பக்கத்து வழக்கம் என்ன தெரியும்? பாஞ்சாலி உடம்பிலிருந்து உருவிய துணி அம்மனுடையது. ஒரு முழம்கூட கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. விடிந்ததும் ஊர்ப் பெண்களுக்குப் பிரசாதமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்வார்கள், குழந்தைக்குப் பாவாடை தைப்பார்கள்.

அதைச் சொன்னதும் கஸ்தூரி முகம் வெளுத்துவிட்டது. முந்தானையைச் செருகிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அர்ஜுனன் அரிதாரம் பூசி, தலைமுடி கட்டி, பாதிப் பாஞ்சாலியாக நின்றுகொண்டிருந்தான். மூட்டையிலிருந்ததெல்லாம் முனையோடு முனை முடிந்து இடுப்பில் சுற்றியாயிற்று. மேலே மஞ்சள் தண்ணீரும் தெளித்தாயிற்று. மனுஷன் பீப்பாய் மாதிரி இருந்தான்.

"அம்மா, ஐயா வீட்டுலருந்து துணி வந்த சேதிய ஊரு பூரா சொல்லிட்டேன்," என்று கும்பிட்டான். "தாய் மாதிரி வந்தீங்க."

கஸ்தூரி அதற்கப்புறம் திருப்பிக் கேட்கவா முடியும்? கடைசியில், "நல்லா ஆடு," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். சாக்கில் உட்கார்ந்ததும், "அக்கா, அறுபதாம் கல்யாணத்துல எனக்குத் தாலி கட்டுவாரா, இல்ல அத வெச்சே கழுத்தை நெரிப்பாரா?" என்றாள்.

"ரெண்டுக்கும் கயிறு ஒண்ணுதான். பேசாம கூத்தப் பாரு."

அடி அண்ணாமலைக்கு மலைதான் கிழக்கு. வெளிச்சம் வந்த பிறகும் சூரியன் தலை தெரிய நேரமாகும். நன்றாகப் பொழுது வெளுத்து, துச்சாதனன் பாஞ்சாலியின் கூந்தலைப் பிடித்து இழுத்துவருகிற நேரம், ஒரு டாக்ஸி வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றது. பட்டு ஜிப்பா, கழுத்தில் உருத்திராட்சம், கையில் பெட்டி. தசரதன்!

மலேசியாவில் கடைசி இரண்டு கச்சேரிகள் ரத்தாகி, முன்னாலேயே திரும்பிவிட்டாராம். வீடு பூட்டிக் கிடக்க, என் மாடி ஜெர்மன்காரி கையையும் காலையும் ஆட்டி, கூத்து என்று ஆடிக் காட்டி, வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சரியான நேரத்தில்தான் அவளுக்குத் தமிழ் வந்தது.

கோயில் தர்மகர்த்தா மூர்த்தி பார்த்துவிட்டார். "வித்வான் ஐயாவே வந்துட்டாரு! நாற்காலி எடுங்கய்யா!" என்று கத்திக்கொண்டு ஓடி, அவரை இழுத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்.

கஸ்தூரி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

"அக்கா, நான் செத்தேன்."

"சாவறதுனா கூத்து முடிஞ்சப்புறம் சாவு. இப்ப எழுந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

துச்சாதனன் இழுக்க ஆரம்பித்தான். முதலில் ஊர்ப் புடவைகள் வந்தன. கட்டம் போட்டது, பூப்போட்டது, சாயம் போனது. தசரதன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டார். அப்புறம் ஒரு பச்சை வந்தது, சரிகைக் கரை. கொட்டாவி பாதியில் நின்றது. அப்புறம் அரக்கு. அப்புறம் ஊதா.

கட்டியக்காரனுக்கு, அவன்தானே கூத்தில் கோமாளி, வாய் சும்மா இருக்குமா? துணியைப் பிடித்துப் பார்த்து, "துச்சாதன மகாராஜா, நிறுத்துங்க! இதுல எழுத்து இருக்குது! ஸ்ரீ ராகமாலிகா சபா, ஆண்டு விழா... அடேங்கப்பா, பாஞ்சாலி கச்சேரிக்கெல்லாம் போயிருக்காங்களே!" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்ததை எடுத்தான். "இது பினாங்குங்கோ! கண்ணபிரான் துவாரகையில ஸ்டாக் தீந்துபோயி கப்பல்ல வரவழைச்சிட்டாரு!"

தசரதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் செம்பருத்தி மாதிரி இருந்தது. அவர் எழுந்த அதே நேரத்தில் பூசாரி பாஞ்சாலிக்குக் கற்பூரம் காட்டினான். வித்வானே எழுந்துவிட்டார் என்று கூட்டம் முழுக்க எழுந்து கும்பிட்டது. "கோவிந்தா, கோவிந்தா!" அந்தச் சத்தத்தில் அவர் என்ன சொன்னாலும் யார் காதில் விழும்? சுற்றிலும் அத்தனை பேரும் கைகூப்பி நிற்கும்போது அவர் மட்டும் கையைத் தொங்கவிட்டு நிற்க முடியுமா? தன் பொன்னாடைகளைத் தானே கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

பாட்டு முடிந்தது, துச்சாதனன் மயங்கி விழுந்தான், துணி தீரவில்லை. கிழவிகள் சந்தோஷமாகக் குலவையிட்டார்கள். மூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நம்ம வித்வான் ஐயா ஆயுசு பூரா சம்பாதிச்ச கவுரவத்தையெல்லாம் அம்மனுக்குக் குடுத்துட்டாரு! இந்த மனசு யாருக்கு வரும்?"

கைதட்டல். தசரதன் மேடை ஏறி மைக்கைப் பிடுங்கினார். ஊரையே சாட்சியாக வைத்துப் பெண்டாட்டியை மாட்டிவிட வேண்டும் என்ற வேகம்.

"யோவ், நான் எங்கய்யா குடுத்தேன்? எனக்கு இதுல சம்பந்தமே இல்ல! எல்லாம் அவ குடுத்தது! என் பொண்டாட்டி! அதோ உக்காந்திருக்கா பாருங்க, அவளைக் கேளுங்க!"

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் தன் புருஷனை முழங்கையால் இடித்தாள்.

"பாத்தியா? பேரு தனக்கு வேணாம், பொண்டாட்டிக்குக் குடுங்கன்றாரு. நீயும் இருக்கியே, நான் வெச்ச கொழம்பக்கூட உங்கம்மா வெச்சதுன்னுட்டு."

அவ்வளவுதான். மறுபடி கைதட்டல், முன்னைவிட ஜாஸ்தி. பெண்கள் கஸ்தூரியைத் தூக்காத குறையாக மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூர்த்தி, "அம்மா பேரு இன்னாங்க?" என்றார். நாயனக்காரர் சம்சாரம் என்பதற்கு மேல் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அவள் மைக்கில் பேசிப் பழக்கமில்லாமல் கத்திச் சொன்னாள்: "கஸ்தூரி!" மலையில் மோதித் திரும்பி வந்தது.

வித்வானுக்கென்று மூர்த்தி எங்கிருந்தோ அவசரமாகத் தேடிப்பிடித்து வைத்திருந்த பொன்னாடையை அவளுக்குப் போர்த்தினார். மலிவுச் சரக்கு, கரை அப்போதே பிரிந்திருந்தது. டாக்ஸியில் மூன்று பேரும் திரும்பினோம். சித்திரை வெயில் கொளுத்துகிறது. கஸ்தூரி அதைக் கழற்றவேயில்லை, வேர்வை நெற்றியிலிருந்து வழிகிறது.

"கழட்டித் தொலைடி. பாக்கற எனக்கே வேகுது," என்றார் தசரதன்.

"எனக்குக் குளிருதுங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த வாரம் முழுக்க அவர் அவளோடு பேசவில்லை. தட்டைத் தட்டினால் சோறு, டம்ளரைத் தட்டினால் தண்ணீர். சுண்டிச் சுண்டி அந்த எவர்சில்வரே நசுங்கியிருக்கும். விழாவுக்கு முதல்நாள்தான் வாயைத் திறந்தார்.

"சபாக்காரங்கல்லாம் மெட்ராஸ்லருந்து வர்றாங்க. மண்டபத்துச் செவுத்துல என்னத்தைத் தொங்கவிடறது? உன் தலையையா?"

"எண்ணெய்ப் பிசுக்கு, செவுரு வீணாயிடும்," என்றாள். பேச்சு தைரியம்தான். ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் அரியும்போது, வெங்காயத்துக்கு வருவதைவிட அதிகமாகவே கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். அவளுக்கு அவர் திட்டியதில் வருத்தமில்லை. ஊர் பெரிய மனுஷர்கள் நடுவில் வெறும் சுவருக்கு முன்னால் அவர் உட்கார வேண்டுமே, அதுதான். அதோடு, இனிமேல் ஆயுசுக்கும் ஒரு பிடி அரிசிகூட அந்த வீட்டிலிருந்து அவள் கையால் வெளியே போகாது. சாவியை அவர் வாங்கிக்கொண்டாயிற்று.

மறுநாள் மண்டபத்தில் மாலை மாற்றி, தாலி கட்டி (கழுத்தை நெரிக்கவில்லை), பாராட்டு ஆரம்பித்தது. சபாச் செயலாளர் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் சலசலப்பு. அடி அண்ணாமலைப் பெண்கள் ஒரு டிராக்டர் நிறைய வந்து இறங்கினார்கள். தையற்காரனுக்கு அந்த வாரம் தூக்கமே இருந்திருக்காது. ஒருத்தி விடாமல் புது ரவிக்கை. பச்சை, அரக்கு, ஊதா. ஒருத்தி முதுகில் "ராகமாலிகா", இன்னொருத்தி தோளில் "ஆண்டு விழா". குழந்தைகள் பினாங்குப் பாவாடை. அர்ஜுனன் வேஷமில்லாமல் சாது மாதிரி வந்தான், தோளில் ஒரு கிழிசல் சரிகை.

செயலாளர் பேச்சை நிறுத்திவிட்டார். "இது எங்க சபாவோட சால்வை மாதிரி இருக்கே?" என்று தசரதனைப் பார்த்தார்.

கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். தசரதன் எழுந்தார். கிழவி ஒருத்தி முன்னால் வந்து அவர் கையைப் பிடித்து, "யப்பா, ஒன் துணி நல்ல துணிப்பா. ரெண்டு தடவ தொவைச்சிட்டேன், சாயமே போவல," என்றாள்.

அவர் அவள் ரவிக்கையைக் குனிந்து பார்த்தார். சரிகைக் கரையை விரலால் தொட்டுப் பார்த்தார். "பாட்டி, இது எங்க போட்டதுன்னு தெரியுமா? மாயவரம். அன்னிக்கு ஒரு தோடி வாசிச்சேன் பாரு..." என்று ஆரம்பித்தார். அடுத்தவள் முதுகைத் திருப்பிக் காட்டி, "என்துங்க?" என்றாள். "அது காரைக்குடி. மழை கொட்டுது, ஒருத்தன் எழுந்திருக்கல!" அப்புறம் ஒவ்வொருத்தியாக வரிசையில் நின்று முதுகையும் தோளையும் காட்ட, மனுஷர் மேடையை விட்டு இறங்கி ஒவ்வொரு ரவிக்கைக்கும் ஊர், ராகம், கூட்டம் என்று கதை சொல்லிக்கொண்டே போனார். சுவரில் தொங்கியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? செயலாளர் மைக்கோடு தனியாக நின்றார். அர்ஜுனன் நடுவில் புகுந்து, "ஐயா, என்துக்கு இன்னா ராகம்?" என்றான். "உனக்கு முகாரிதான்," என்றார் தசரதன். ஆனாலும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பீரோ சாவியை அவள் முன்னால் தரையில் போட்டார். கையில் கொடுக்கவில்லை, அந்த வீம்பு போகுமா? "ஜனவரி வரைக்கும் பதினோரு கச்சேரி இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்துதான் கஸ்தூரி புரவலர் ஆனாள். பொன்னாடைகள் வந்த சூட்டிலேயே போயின. பிறகு அவர் வாங்கிவந்த வெள்ளித் தட்டுகள், குத்துவிளக்குகள். பம்பைக்காரர்கள், கூத்து ஜமாக்கள், நாயனம் கற்க வீட்டில் விடாத பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் கொல்லை வாசல்தான் கதி. நல்லதெல்லாம் சொல்கிறேன், மற்றதையும் சொல்ல வேண்டும். கை நீண்டதும் வாயும் நீண்டது. கூத்தில் பாட்டைக் குறை, அழுகையைக் கூட்டு என்று அர்ஜுனனுக்கே உத்தரவு போடுகிறாள். அவன் "சரிம்மா" என்றுவிட்டுப் பழையபடியே ஆடுகிறான்.

இப்போது இரண்டாயிரத்துக்கப்புறம் புதுக் குடைச்சல் ஒன்று. கண்ணன் வேஷத்துக்குக் கிரீடம் தேய்ந்துபோய்விட்டதாம். அவள் கண் தசரதனின் தங்க மெடல்கள் மேல் விழுந்திருக்கிறது. அவரும் மோப்பம் பிடித்துவிட்டார். மெடல்களைத் தனிப் பெட்டியில் பூட்டி, சாவியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"பச்சையம்மா, நீங்க அவளுக்கு அக்கா மாதிரி. ஆனா எனக்கும் நல்லவங்க. அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன், ஐயா?" என்றேன்.

நேற்று கஸ்தூரி மதிலோரம் வந்து நின்றாள்.

"அக்கா, உங்ககிட்ட ஏதாவது சாவி இருக்கா?"

"எந்தச் சாவிடி?" என்று கேட்டுக்கொண்டே இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன்.